இரண்டு வருடம் இங்கே, இரண்டு வருடம் அங்கே

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: கம்யூனிட்டி காலேஜில் (கட்டணம் குறைவான உள்ளூர் அரசுக் கல்லூரி) இரண்டு வருடம் படித்துவிட்டு நாலு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை எடுத்து வைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கடிதங்கள் எல்லாமே கலிஃபோர்னியாவைப் பற்றியவை என்பதால் நான் சொல்வதும் கலிஃபோர்னியா கணக்குத்தான். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் மகனுக்கு விண்ணப்பித்த ஆறு யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகங்களிலும் இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரி ஒன்றில் கிடைத்தது, எங்கள் வருமானத்துக்குக் கட்டுப்படியாகாது. ஓலோனி காலேஜில் சேர்கிறேன் என்கிறான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் எடுப்பதில்லை. நாளைக்கு அவன் டிகிரி சர்டிஃபிகேட்டில் கம்யூனிட்டி காலேஜ் என்று போடுவார்களா?
– ஒரு தாய், ஃப்ரீமான்ட்

போடமாட்டார்கள். எங்கே படிப்பை முடிக்கிறானோ அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான், முதல் வருடத்திலிருந்தே அங்கே படித்த பிள்ளைக்கு என்ன காகிதமோ அதே காகிதம்தான் இவனுக்கும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் மற்றதெல்லாம் இந்தப் பயத்தைச் சுற்றித்தான் இருக்கிறது.

இது யாரோ கண்டுபிடித்த கொல்லைப்புற வழி இல்லை அம்மா. 1960-ல் இந்த மாநிலம் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் போட்டபோதே, யூசி, ஸ்டேட் பல்கலைக்கழகங்கள் (கால் ஸ்டேட்), கம்யூனிட்டி காலேஜ்கள் என்று மூன்றையும் பிரித்து, கம்யூனிட்டி காலேஜிலிருந்து மற்ற இரண்டுக்கும் போக ஒரு வாசலையும் சேர்த்தே கட்டினார்கள். இன்றைக்கு 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. முதல் வருடத்தில் சேரும் இரண்டு மாணவர்களுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர் என்ற விகிதத்தை யூசி இலக்காக வைத்திருக்கிறது. அப்படி யூசிக்கு வரும் டிரான்ஸ்ஃபர் மாணவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்தக் கல்லூரிகளிலிருந்துதான் வருகிறார்கள். மனித மரபணுத் தொகுதியைப் படித்தறிந்த வேலையில் முன்னால் நின்ற கிரெய்க் வென்டர், வியட்நாம் போரிலிருந்து திரும்பி காலேஜ் ஆஃப் சான் மட்டேயோவில் சேர்ந்து அங்கிருந்து யூசி சான் டியாகோவுக்குப் போனவர். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஊரான ஹேவர்டில் இருக்கும் சாபோ காலேஜில் படித்துவிட்டுத்தான் நடிகர் டாம் ஹாங்க்ஸ் சாக்ரமென்டோ ஸ்டேட்டுக்கு மாறினார். ஊரிலிருந்து போன் வந்தால் எடுத்துப் பேசுங்கள், "ஓலோனியில் ரெண்டு வருஷம், அப்புறம் யூனிவர்சிட்டி" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள்.

காசுக் கணக்கும் பார்த்துவிடுவோம். பாடங்களை இங்கே யூனிட் கணக்கில் அளப்பார்கள், மாநிலவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். மாறுவதற்குத் தேவையான 60 யூனிட்டுக்கு 2,760 டாலர், இரண்டு வருடத்துக்கும் சேர்த்து. யூசியில் ஒரு வருடத்துக்கே, தங்குமிடம் சாப்பாடு இல்லாமல், 14,000 டாலருக்கு மேல். முதல் முறை கல்லூரிக்கு வந்து முழுநேரம் படிப்பவர்களுக்கு அந்த 2,760-ஐயும் தள்ளுபடி செய்யும் ப்ராமிஸ் திட்டம் பல கல்லூரிகளில் உண்டு. கேட்டுப் பாருங்கள், அரசு உதவித்தொகைக்கான ஃபாஃப்சா படிவத்தையும் தவறாமல் நிரப்புங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். மாறவேண்டும் என்று வந்து சேருகிறவர்கள் எல்லோரும் மாறிவிடுவதில்லை, நிறையப் பேருக்கு இரண்டு வருடம் மூன்றாகிறது, நாலாகிறது, சிலர் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள். பாடம் கஷ்டம் என்பதால் நிற்பவர்களை விட வேறு காரணத்தால் நிற்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பையன் வீட்டிலிருந்து போய்வருவான், எட்டு மணி வகுப்பு முடிந்து பத்து மணிக்குத் திரும்பி வந்து இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுப் படுப்பான், எழுந்தால் மூன்று மணி, அதற்குள் நீங்கள் மளிகைக்குப் போகணும், தங்கையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரணும் என்று இரண்டு வேலை சொல்வீர்கள், இப்படியே செமஸ்டர் போய்விடும். வகுப்பு பத்து மணிக்கு முடிந்தாலும் நாலு மணி வரை வளாகத்திலேயே இருக்கச் சொல்லுங்கள். நூலகம் இருக்கிறது, இலவச டியூஷன் மையம் இருக்கிறது, அவனைப் போலவே மாறக் காத்திருக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். டப்பாவில் தயிர்சாதம் கட்டிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் அவனைப் பரிதாபமாக மட்டும் பார்க்காதீர்கள், அது பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஆன்ட்டி, நான் டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜில் முதல் குவார்ட்டர் (பருவம்) முடித்திருக்கிறேன். (தமிழ்ப் பள்ளித் தமிழ்தான், தப்பு இருந்தால் மன்னிக்கவும்.) கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை. நண்பர்கள் சிலர் பொதுப் பாடங்களை முதலில் முடி என்கிறார்கள், சிலர் மேஜர் (முதன்மைத் துறை) பாடம்தான் முக்கியம் என்கிறார்கள். நேரம் ஒத்துவந்தது என்று பிசினஸ் மாணவர்களுக்கான கால்குலஸ் எடுத்தேன், ஏ வாங்கினேன். அது போதுமா?
– மாணவன், கூப்பர்டினோ

தம்பி, ஏ வாங்கியதற்கு வாழ்த்து, ஆனால் அந்தக் கால்குலஸ் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் போதாது. உனக்கு வேண்டியது அறிவியல், பொறியியல் மாணவர்கள் எடுக்கும் வரிசை, உங்கள் கல்லூரியில் 1ஏ, 1பி, 1சி, 1டி. இப்போதே தெரிந்தது நல்லது. எனக்கு இதே மாதிரி நடந்தபோது தெரிய ஒரு வருடம் ஆனது. நான் படித்த கல்லூரியில் ஓர் ஆலோசகர் "இதுவும் கணக்குத்தானே" என்று வேறு ஒரு வகுப்பில் போட்டுவிட்டார், நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அதனால் இரண்டு வருடத்தில் முடியவேண்டியது மூன்று வருடம் ஆனது, அந்த ஒரு வருடம் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: எங்கே போகவேண்டும் என்பதை முதலில் முடிவு செய், அங்கிருந்து பின்னோக்கி வந்து இன்றைக்கு எந்த வகுப்பு என்று பார்.

அதைப் பார்க்கும் இடம் அசிஸ்ட் என்ற தளம், அசிஸ்ட் டாட் ஆர்க். எந்த வருடம், எந்தக் கல்லூரியிலிருந்து, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்த மேஜர் என்று நாலு விஷயம் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். இடது பக்கம் அந்தப் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலது பக்கம் அதற்கு ஈடாக உன் கல்லூரியில் இருக்கும் பாடம். வலது பக்கத்தில் ஈடான பாடம் இல்லை என்று வந்தால் பக்கத்துக் கல்லூரியில் இருக்கிறதா என்று தேடு, உனக்கு ஃபுட்ஹில் பத்து நிமிடத் தூரம்தான், அங்கே எடுத்தாலும் கணக்கில் சேரும். நீ போக நினைக்கும் நாலைந்து வளாகங்களுக்கும் தனித்தனியாக எடுத்து அச்சிட்டு, எல்லாவற்றிலும் பொதுவாக வரும் பாடங்களுக்கு மஞ்சள் கோடு போட்டு உன் மேசைக்கு எதிரில் ஒட்டிவை. ஆலோசகரைப் பார்க்கப் போகும்போதும் அந்தக் காகிதத்தோடு போ. வெறுங்கையோடு போனால் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

மேஜர் முதலா, பொதுப் பாடம் முதலா என்று கேட்டாய். உன் விஷயத்தில் மேஜர், சந்தேகமே வேண்டாம். பொதுப் பாடங்களுக்கு முன்பு ஐஜெட்சி என்று ஒரு தொகுப்பு இருந்தது, 2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்கு அதன் இடத்தில் கால்-ஜெட்சி. அதை முழுதாக முடித்துவிட்டு மேஜர் பாடத்தில் ஓட்டையோடு போகிறவனை விட, மேஜர் பாடங்களை முடித்துவிட்டுப் பொதுப் பாடத்தில் கொஞ்சம் பாக்கி வைத்திருப்பவனைத்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ், பொறியியல் துறைகள் விரும்பும். இரண்டு ஆங்கிலக் கட்டுரை வகுப்புகளை மட்டும் தள்ளிப்போடாதே, அவை எந்த யூசி வளாகத்துக்கும் கட்டாயம்.

இப்போது நாட்களை எண்ணிப் பார். கால்குலஸ் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்க முடியும், தாண்ட முடியாது. விண்டரில் 1ஏ, ஸ்பிரிங்கில் 1பி, கோடையில் 1சி, இலையுதிரில் 1டி, அப்புறம் லீனியர் ஆல்ஜீப்ரா, டிஸ்கிரீட் மேத் என்ற மற்றக் கணக்குப் பாடங்கள். நடுவில் ஒன்று தவறினால் கடைசிப் பாடம் மாறவேண்டிய வருடத்துக்கு வெளியே போய்விடும். வகுப்பில் இடம் பிடிக்க உன் பதிவுத் தேதி அன்று, கொடுத்த நேரத்துக்கு, அலாரம் வைத்து உட்கார். இன்னொன்றும் கவனி: யூசி விண்ணப்பத்தை அனுப்பும் காலம் அக்டோபர், நவம்பர். அதாவது உன் இரண்டாவது வருடம் தொடங்கியவுடனேயே. அப்போது உன் கையில் இருப்பது முதல் வருடத்து மதிப்பெண்கள்தான், இலையுதிர் மதிப்பெண்ணை ஜனவரியில் சேர்த்துக் கொடுக்கலாம், அவ்வளவே. "முதல் வருஷம் பழகிக்கலாம், ரெண்டாவது வருஷம் பிடிச்சுடலாம்" என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். உயர்நிலைப்பள்ளி மதிப்பெண்ணையும் எஸ்ஏடியையும் டிரான்ஸ்ஃபருக்கு யூசி பார்ப்பதில்லை, அது உனக்குக் கிடைத்த புது நோட்டு. ஆனால் பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி வகுப்பு ஏதாவது எடுத்திருந்தால் அந்த மதிப்பெண் இதில் வந்து சேரும், மறந்துவிடாதே.

டேக் என்று கேள்விப்பட்டிருப்பாய். டேவிஸ், அர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் என்ற ஆறு வளாகங்கள், கேட்ட பாடங்களைக் கேட்ட ஜிபிஏவோடு (சராசரி மதிப்பெண்) முடித்தால் இடம் உறுதி என்று எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு அது. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம், செப்டம்பர் 1 முதல் 30 வரை. போட்டபின் வழக்கமான விண்ணப்பத்தையும் அக்டோபர், நவம்பரில் அனுப்பியாக வேண்டும், டேக் போட்டாயிற்று என்று இதை விட்டவர்களை எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பல வளாகங்களில் டேக் கிடையாது என்பதையும் இப்போதே தெரிந்துகொள். சான் ஓசே ஸ்டேட் போன்ற ஸ்டேட் பல்கலைக்கழகங்களையும் பட்டியலில் வை. பே ஏரியா (சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரம்) வேலைக்கு அங்கே படித்தவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

சகோதரி, என் மகள் பிளஸ் டூ முடிக்கிறாள். இங்கே ஓர் ஏஜென்ட், கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் 2 வருடம் படித்தால் அடுத்த 2 வருடம் பெர்க்லியில் நிச்சயம் இடம் என்கிறார். சேவைக் கட்டணம் 5 லட்சம் கேட்கிறார். நம்பலாமா?
– ஒரு தந்தை, கோயம்புத்தூர்

நம்பாதீர்கள் ஐயா. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ மூன்றும் டேக் ஏற்பாட்டில் இல்லவே இல்லை, அங்கே யாருக்கும் யாராலும் நிச்சயம் என்று சொல்ல முடியாது. சொல்பவர் ஒன்று விவரம் தெரியாதவர், இல்லையென்றால் தெரிந்தே சொல்கிறார். மற்ற ஆறு வளாகங்களின் டேக் வெளிநாட்டு மாணவர்களுக்கும் உண்டு, அதற்கு ஏஜென்ட் வேண்டாம், மகளே இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். கம்யூனிட்டி காலேஜில் சேர்வதும் அப்படியே, அவர்கள் தளத்திலேயே படிவம் இருக்கிறது.

ஆனால் வழியே தப்பு என்று நான் சொல்லவில்லை. பணத்தைச் சரியாகக் கணக்குப் போடுங்கள். மேலே நான் எழுதிய 46 டாலர் உங்கள் மகளுக்குப் பொருந்தாது. எஃப்-1 விசாவில் வருகிறவர்கள் எத்தனை வருடம் இருந்தாலும் கட்டணத்துக்கு மாநிலவாசி ஆகமாட்டார்கள். பல கல்லூரிகளில் யூனிட்டுக்கு 300 டாலருக்கு மேல் ஆகும், வருடம் 30 யூனிட் என்றால் கல்விக் கட்டணமே 9,000 டாலரைத் தாண்டும். பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்களில் விடுதி கிடையாது, வெளியே அறை எடுக்கவேண்டும், பே ஏரியாவில் அறை வாடகை படிப்புக் கட்டணத்தை விட அதிகமாக வரலாம். அதற்கப்புறம்தான் பெரிய செலவு. யூசியில் மாநிலவாசி கட்டும் 14,000 சொச்சத்தோடு வெளியிலிருந்து வருபவர்கள் 30,000 டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்டவேண்டும், ஒவ்வொரு வருடமும். இந்த வழியில் முதல் இரண்டு வருடத்தில் மட்டும்தான் மிச்சம். பின் இரண்டு வருடத்துக்கான பணம் இப்போதே கையில் இருந்தால் யோசியுங்கள், அங்கே போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்றால் தயவுசெய்து வேண்டாம். உதவித்தொகையை நம்பி வந்து, யூசியில் இடம் கிடைத்தும் கட்ட முடியாமல் திரும்பிய பெண்ணை நான் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அவள் பெட்டியில் அந்த அனுமதிக் கடிதம் ஒரு கோப்பில் பத்திரமாக இருந்தது.

வருவது என்று முடிவானால்: ஒவ்வொரு பருவமும் 12 யூனிட்டுக்குக் குறையக்கூடாது, அதில் ஒரே ஒரு ஆன்லைன் வகுப்புத்தான் கணக்கில் சேரும். குறைந்தபட்ச ஜிபிஏ மாநிலவாசிகளுக்கு 2.4 என்றால் உங்கள் மகளுக்கு 2.8, உண்மையில் இடம் கிடைக்க அதைவிட நிறைய வேண்டும். மாறும்போது பழைய கல்லூரி அவளுடைய செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசுப் பதிவேடு) பதிவைப் புதிய பல்கலைக்கழகத்துக்கு மாற்றித் தரவேண்டும். அந்தத் தேதியை வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளாமல் டிக்கெட் எடுத்து ஊருக்கு வந்துவிடக் கூடாது.

இயற்பியலில் சி வாங்கிவிட்டேன். மறுபடி எடுத்து ஏ ஆக்கலாமா?
– சான்டா கிளாரா வாசகர்

முடியாது. டி அல்லது எஃப் வந்தால்தான் மறுபடி எடுத்து யூசியில் பழைய மதிப்பெண்ணை மாற்றிக்கொள்ளலாம், சி சிதான். அடுத்த இயற்பியலில் ஏ வாங்குங்கள், ஏறுமுகம் அவர்களுக்குத் தெரியும். வகுப்பு கைமீறிப் போகிறது என்று நடுவிலேயே தெரிந்தால், கடைசித் தேதிக்குள் விலகி டபிள்யூ (விலகியதற்கான குறி) வாங்குவது டி-யை விட எவ்வளவோ மேல். ஆனால் அடுக்கடுக்காக டபிள்யூ வேண்டாம்.

ஏப்ரலில் அர்வைனில் இடம் கிடைத்துவிட்டது. ஸ்பிரிங்கில் ஒரு வகுப்பை விட்டுவிடலாம் என்று மகன் சொல்கிறான். பிரச்சினை வருமா?
– ஒரு தந்தை, டப்ளின்

வரும். கிடைத்திருப்பது நிபந்தனையோடு கூடிய இடம். விண்ணப்பத்தில் எழுதிய பாடங்களை எழுதியபடி முடிக்கவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஒரு வகுப்பைச் சத்தமில்லாமல் விட்டான், ஜூலையில் இடம் ரத்து என்று மின்னஞ்சல் வந்தது, தங்குமிடத்துக்கு முன்பணம்கூடக் கட்டியிருந்தார்கள். தவிர்க்கவே முடியாத காரணம் என்றால், விடுவதற்கு முன்னாலேயே அந்த வளாகத்தின் அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, அவர்கள் பதில் வந்தபின் செய்யச் சொல்லுங்கள்.

திருச்சியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டோடு கல்யாணமாகி வந்துவிட்டேன். இப்போது வயது 36, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், கிரீன் கார்டு இருக்கிறது. லாஸ் பொசிட்டாஸ் கம்யூனிட்டி காலேஜில் அக்கவுன்டிங் சேர நினைக்கிறேன். திருச்சியில் படித்தது வேஸ்ட்தானா? அதைச் சொல்லாமல் புதிதாகவே ஆரம்பித்துவிடலாமா?
– வாசகி, லிவர்மோர்

இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். சேருங்கள். உங்கள் வகுப்பில் உங்கள் வயதுக்காரர்கள் இருப்பார்கள், மாலை வகுப்பும் ஆன்லைன் வகுப்பும் இருக்கின்றன, முதல் நாள் மட்டும்தான் கூச்சமாக இருக்கும்.

ஆனால் திருச்சிப் படிப்பை மறைக்கவே கூடாது. பிறகு மாறும்போது, முன்பு படித்த எல்லாக் கல்லூரிகளையும், எந்த நாட்டில் இருந்தாலும், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், தேர்வில் தவறியிருந்தாலும் விண்ணப்பத்தில் எழுதித்தான் ஆகவேண்டும். மறைத்தது தெரிந்தால் கிடைத்த இடம் போய்விடும். வேஸ்ட்டா என்று கேட்டீர்கள். உங்கள் மார்க் ஷீட்டை இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கொடுத்து அறிக்கை வாங்கினால் கல்லூரி சில யூனிட்டுகளை ஏற்கலாம், ஆனால் வெளிநாட்டுப் பாடங்கள் அசிஸ்ட் பட்டியலில் வராது. அதனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள், கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு உங்களுக்குக் கைவசம் இருக்கிறது, அதை யாரும் மதிப்பிட்டுத் தரவேண்டியதில்லை. இருபது வயதுப் பிள்ளைகள் தடுமாறும் புள்ளியியலில் நீங்கள் முன் வரிசையில் இருப்பீர்கள்.

உங்கள் ஊரிலிருந்து நேரே போகக்கூடிய இடம் ஹேவர்டில் இருக்கும் கால் ஸ்டேட் ஈஸ்ட் பே. அதற்கு ஏடிடி என்ற, கம்யூனிட்டி காலேஜில் வாங்கி மாறுவதற்கான இணைப்பட்டம், பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷனில், சரியாகப் பொருந்தும். 60 யூனிட்டில் அதை முடித்தால் ஸ்டேட் பல்கலைக்கழக அமைப்பில் ஓர் இடம் உறுதி (எந்த வளாகம் என்பது மட்டும் உறுதியில்லை), அங்கே இன்னும் 60 யூனிட் முடித்தால் பட்டம். பருவத்துக்கு இரண்டு வகுப்பு என்று எடுத்தால் கம்யூனிட்டி காலேஜ் பகுதி நாலைந்து வருடம் ஆகும், அதற்கு வீட்டில் எல்லோரும் தயாராக இருக்கவேண்டும், முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். வருமானம் குறைவென்றால் யூனிட் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் ப்ராமிஸ் கிராண்ட் பகுதிநேர மாணவர்களுக்கும் உண்டு.

இப்போது செய்யவேண்டியது மார்க் ஷீட்டைத் தேடுவது. உங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம், இல்லையென்றால் பல்கலைக்கழகம். முத்திரையிட்ட உறையில் நேரடியாக அனுப்பச் சொல்வார்கள், அங்கே ஆளில்லாமல் நடக்காது, தம்பியோ தங்கையோ ஒரு நாள் விடுப்புப் போட்டுப் போய் நிற்கவேண்டியிருக்கும். பழைய ஹால் டிக்கெட்டில் இருக்கும் பதிவு எண்ணை முதலில் கண்டுபிடித்து அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், அது இல்லாமல் போனால் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.